ரிப்போர்ட்டில் வந்த வெள்ளைப் புள்ளிகள்

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாரும் கடைசிப் பத்தியைத்தான் முதலில் படிக்கிறோம். பல வருட ஒற்றைத் தலைவலிக்காக எடுத்த என் ஸ்கேனில், மூளையின் வெள்ளைப் பகுதியில் ஆங்காங்கே சிறு புள்ளிகள், இஸ்கீமிக் (ரத்த ஓட்டக் குறைவு) மாற்றமாக இருக்கலாம் என்று போட்டிருந்தது. கூட வந்த அண்ணன் முகம் வெளிறிப்போய், "இஸ்கீமிக்னா ஸ்ட்ரோக்தானே?" என்றார்.

நரம்பியல் டாக்டர் ரிப்போர்ட்டை ஒதுக்கிவிட்டு ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். ஃப்ளேர் என்ற வகை எம்.ஆர்.ஐ. படத்தில் கடுகளவு வெண்புள்ளிகள். "மைக்ரேன் இருக்கிறவங்களுக்கு இது அடிக்கடி தெரியும்மா. எம்.எஸ்.னா, அதாவது மல்டிபிள் ஸ்க்லரோசிஸ்ங்கிற நரம்பு நோய்னா, புள்ளிகள் பெரும்பாலும் மூளைக்குள்ள இருக்கிற நீரறையை, அதாவது வென்ட்ரிக்கிளை ஒட்டியே இருக்கும். உங்களுக்கு அப்படி இல்லை" என்று விரல் வைத்துக் காட்டினார். அதனால்தான் சொல்கிறேன்: ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், ஃபிலிமும் சி.டி.யும் கூடவே போகட்டும். ரிப்போர்ட் எழுதியவர் படத்தைத்தான் பார்த்தார், உங்களைப் பார்க்கவில்லை.

நெதர்லாந்தில் நடந்த 'கேமரா' என்ற மைக்ரேன் ஆய்வு 2004-இல் வெளியானது. மைக்ரேன் உள்ள பெண்களுக்கு இத்தகைய புள்ளிகள் கூடுதல், அடிக்கடி வலி வருபவர்களுக்கு இன்னும் கூடுதல் என்றது. அதே ஆட்களுக்குச் சுமார் 9 வருடம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். பெண்களிடம் புள்ளிகள் கூடியிருந்தன; ஆனால் நினைவாற்றலும் சிந்தனையும் அதனால் மங்கியதாகத் தெரியவில்லை. எனக்கு நிஜமான ஆறுதல் தந்தது இதுதான்.

அதற்காகப் புள்ளிகளை அப்படியே விட்டுவிடவும் கூடாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம் எல்லாமே இதே புள்ளிகளைக் கொண்டுவரும். எனவே பி.பி.யும் சர்க்கரையும் பார்த்தே ஆக வேண்டும். வலிக்கு முன் கண்ணெதிரே மின்னல்கோடு ஓடும் பெண்கள், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுத்தால் அதைக் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பக்கவாத ஆபத்து அங்கேதான் ஏறுகிறது, சிகரெட்டும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

ரிப்போர்ட்டில் வேறு சிலவும் எதேச்சையாக வரும். பீனியல் நீர்க்கட்டியும் சைனஸ் வீக்கமும் பெரும்பாலும் தொல்லை தராதவை. 'எம்ப்டி செல்லா' (பிட்யூட்டரி சுரப்பி இருக்கும் குழி காலியாகத் தெரிவது) என்று வந்து, பார்வையும் மங்கினால் கண் டாக்டரிடம் பார்வை நரம்பைக் காட்ட வேண்டும்; மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம். ரத்தக்குழாய்ப் புடைப்பு என்றால் அளவும் இடமும் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். ராட்டர்டாமில் பொதுமக்கள் 2,000 பேரை ஸ்கேன் செய்த 2007 ஆய்வில் 1.8 சதவீதத்தினருக்கு அந்தப் புடைப்பு இருந்தது.

"அடுத்த ஸ்கேன் எப்போ சார்?" என்று கேட்டேன். "வலியோட குணம் மாறினா. திடீர்னு இடி மாதிரி வந்தாலோ, கை கால் மரத்தாலோ, காய்ச்சலோட கழுத்து இறுகினாலோ நேரா எமர்ஜென்சிக்குப் போயிடுங்க. சும்மா மனசுக்காக எடுக்க வேண்டாம்" என்றார். பழைய சி.டி.யைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். புதிதாக ஒரு புள்ளி வந்ததா என்று பார்க்க அது வேண்டும்.