புகைபோக்கி மணிப்பூ: தேனீ தீண்டும் வரை வாடாத மலர்

ஏட்ரியாட்டிக் கடலோரத்தில், குறிப்பாகக் குரோவேஷியா நாட்டில், சுண்ணாம்புப் பாறை இடுக்குகளிலும் பழைய மதில்களிலும் தானாகவே வளரும் செடி ஒன்று உண்டு. காம்பனுலா பிரமிடாலிஸ் என்பது இதன் தாவரவியல் பெயர். முதல் ஆண்டில் தரையோடு ஒட்டிய இலைக்கொத்து மட்டுமே இருக்கும். இரண்டாம் ஆண்டுக் கோடையில் 4 முதல் 6 அடி உயரத்திற்குத் தண்டு எழும்பி, அடியிலிருந்து நுனிவரை வெளிர் நீல மணிப்பூக்கள் மலரும். வெள்ளைப் பூ இரகமும் உண்டு. தண்டை ஒடித்தால் பால் வடியும்.

இங்கிலாந்தில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் தீ மூட்டும் கணப்பு, கோடையில் வெறுமையாகக் கிடக்கும். அந்த இடத்தை அழகுபடுத்த இச்செடியைத் தொட்டியோடு கொண்டுவந்து வைத்தார்கள். அதனால்தான் புகைபோக்கி மணிப்பூ என்ற பெயர்.

வீட்டுக்குள் வைத்த செடியில் பூ அதிக நாள் நிற்கும். இதற்குக் காரணம் உண்டு. மொட்டு விரியுமுன்பே மகரந்தப் பைகள் வெடித்து, சூல்தண்டின் மயிர்களில் மகரந்தத்தைப் பூசிவிடுகின்றன. சூல்முடி சில நாட்கள் கழித்தே பிரிந்து விரிகிறது. தேனீ வேறு பூவின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்ததும் பூவின் வேலை முடிந்து இதழ் வாடும். தேனீ நுழையாத அறையில் பூ காத்துக்கொண்டே இருக்கும். விற்பனைக்கான செடிகளை வலைக்குள் வைப்பதும், விதைக்கான செடிகளை வெளியில் விடுவதும் இதனால்தான்.

விதை தூள் போன்றது. மெல்லிய மணலோடு கலந்து தூவ வேண்டும்; மண்ணால் மூடக்கூடாது. மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதை அடித்துச் செல்லப்படும். ஆகவே தட்டில் நீர் வைத்து அடியிலிருந்து ஊறவிடுவது நல்லது. வேர் சதைப்பற்றானது, நீர் தேங்கினால் அழுகும். குளிர்காலத்தில் தண்ணீரைக் குறைத்து, வசந்தத்தில் பெரிய தொட்டிக்கு மாற்றிக் குச்சி கட்டுவார்கள். நத்தைகள் இளங்குருத்தைத் தின்றுவிடும். இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்குவதே எளிய வழி.

பூத்த செடி பெரும்பாலும் நெடுநாள் வாழாது. ஆண்டுதோறும் பூ வேண்டுமானால் ஆண்டுதோறும் விதைக்க வேண்டும். விதைத்த முதல் ஆண்டு முழுவதும் தொட்டி, மண், ஆள் கூலி எல்லாம் செலவுதான், வரவு கிடையாது. சிறு விவசாயி முதலில் பார்க்க வேண்டிய கணக்கு இது.

விதைப் பொட்டலத்தின் வண்ணப் படத்தைப் பார்த்து நம் சமவெளியில் இதைப் பயிரிட முனைவது வீண் செலவு. இது குளிர்காலம் ஒன்றைக் கடந்து பூக்கும் செடி. அந்தக் குளிர் இங்கே கிடையாது. உதகை போன்ற மலைப்பகுதியில் உள்ளவர்களும் நான்கைந்து தொட்டிகளில் வைத்து, இரண்டாம் ஆண்டுப் பூவைப் பார்த்த பிறகே மேற்கொண்டு பணம் போடலாம்.