எல்.எல்.ஆர். தேர்வு: குழுவாகப் படிப்போம், தைரியமாகப் போவோம்



நம்மில் பலருக்கு வண்டி ஓட்ட வரும். பால் கேனைச் சொசைட்டிக்குக் கொண்டு போகிறோம். பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறோம். குழுப் பணத்தைக் கட்ட வங்கிக்குப் போகிறோம். ஆனால் "லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டால் பலரும் பேச்சை மாற்றி விடுகிறோம். "பரீட்சை வைப்பாங்களாமே, நமக்கெல்லாம் எங்கே வரப்போகுது?" என்கிற பயம்தான் காரணம். அந்தப் பயத்தைப் போக்குவதற்குத்தான் இந்த மாதப் பாடம்.

லைசென்ஸ் இல்லாவிட்டால் என்ன நஷ்டம்?

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம். ஆனால் அதைவிடப் பெரிய நஷ்டம் விபத்து நடந்தால்தான் தெரியும். உரிமம் இல்லாதவர் ஓட்டி ஒருவர் மேல் மோதிவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்த நஷ்டஈட்டை வண்டிக்குச் சொந்தக்காரரிடம் திரும்பக் கேட்கலாம். சிறுகச் சிறுகச் சேர்த்த சேமிப்பும் நகையும் ஒரே நாளில் போய்விடும். வண்டி நம் பேரில் இருந்து, அதை ஓட்டும்போது நாமே இறந்துபோனால், நம் குடும்பத்துக்குச் சேர வேண்டிய தனிநபர் விபத்துக் காப்பீட்டுத் தொகையும் உரிமம் இல்லாவிட்டால் கைக்கு வராது.

பிள்ளைகள் விஷயத்திலும் கவனம் வேண்டும். 18 வயது ஆகாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்து விபத்து நடந்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்தாகும். "சின்ன வண்டிதானே, 16 வயசு போதும்" என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சலுகை 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான். இன்று நம் ஊரில் ஓடும் எக்ஸ்.எல். 100, ஸ்கூட்டி எல்லாம் 50 சி.சி.க்கு மேல். ஆகவே 18 வயது ஆகியிருக்க வேண்டும்.

யார் எழுதலாம்? என்ன வேண்டும்?

சொந்த உபயோகத்துக்கு வண்டி ஓட்டப் படிப்புத் தகுதி எதுவும் கேட்பதில்லை. வாடகை வண்டி ஓட்ட எட்டாம் வகுப்பு தேர்ச்சி வேண்டும் என்றிருந்த விதியும் 2019-ல் நீக்கப்பட்டது.

வயதுச் சான்று, முகவரிச் சான்று, ஆதார் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். உடல்நலம் பற்றிப் படிவம் 1-ல் நாமே உறுதிமொழி தர வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்கள் படிவம் 1ஏ-யில் டாக்டரிடம் சான்று வாங்க வேண்டும். விண்ணப்பம் செய்வது 'சாரதி' இணையதளத்தில். இ-சேவை மையத்திலும் உதவி செய்வார்கள். மத்திய விதிப்படி பழகுநர் உரிமத்துக்கு ஒவ்வொரு வகை வண்டிக்கும் 150 ரூபாய், தேர்வுக்கு 50 ரூபாய். சேவைக் கட்டணம் தனி. புரோக்கரிடம் ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. கட்டிய பணத்துக்கு ரசீது கேட்டு வாங்குங்கள்.

தேர்வு எப்படி இருக்கும்?

எழுத்துத் தேர்வு என்று பேர்தான். பேனா பிடித்து எழுத வேண்டியதில்லை. கணினித் திரையில் கேள்வி வரும், கீழே விடைகள் இருக்கும், சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம். 100-க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. அதாவது 10 கேள்வி என்றால் 6 சரியாக இருந்தால் போதும். தவறினாலும் மறுபடி கட்டணம் கட்டி எழுதலாம். வாசிப்பது சிரமம் என்கிறவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு கூட்டம், நான்கு பாடம்

வாரக் கூட்டத்தில் சந்தா வசூல் முடிந்ததும் அரை மணி நேரம் ஒதுக்கினால் ஒரு மாதத்தில் படித்து முடித்துவிடலாம்.

முதல் வாரம்: சாலைச் சின்னங்கள். இவை மூன்று வகை. உருவத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

வட்டம் என்றால் உத்தரவு. சிவப்பு விளிம்புள்ள வட்டம் பெரும்பாலும் "செய்யாதே" என்று சொல்லும். நீல வட்டத்தில் வெள்ளை அம்புக்குறி இருந்தால் "இப்படித்தான் போக வேண்டும்" என்று அர்த்தம்.

சிவப்பு விளிம்புள்ள முக்கோணம் என்றால் எச்சரிக்கை. முன்னால் வளைவு, பள்ளி, குறுகிய பாலம், ரயில்வே கேட் இருப்பதை முன்கூட்டியே சொல்லும்.

நீல நிறக் கட்டம் என்றால் தகவல். ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க், வண்டி நிறுத்துமிடம் எங்கே என்று காட்டும்.

இரண்டு சின்னங்கள் மட்டும் தனி உருவம். எட்டு மூலை உள்ள சிவப்புப் பலகை "நில்". தலைகீழ் முக்கோணம் "வழிவிடு". இரண்டுமே உத்தரவுதான். காலண்டர் அட்டையில் படம் வரைந்து, ஒருவர் காட்ட மற்றவர்கள் சொல்லிப் பழகுங்கள்.

இரண்டாம் வாரம்: யார் முதலில் போகலாம்? இடதுபக்கம்தான் நம் பாதை. முன்னால் போகும் வண்டியை வலதுபக்கமாக முந்த வேண்டும். அந்த வண்டிக்காரர் வலதுபுறம் திரும்ப சைகை காட்டியிருந்தால் மட்டும் இடதுபக்கமாக முந்தலாம். சிக்னலோ போலீசோ இல்லாத நான்குமுனைச் சந்திப்பில் வலதுபக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். ரவுண்டானாவிலும் அப்படியே. குறுகிய மலைப்பாதையில் மேலே ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. கோடு போட்ட ஜீப்ரா கிராஸிங்கில் நடந்து போகிறவருக்கு முதல் உரிமை.

மூன்றாம் வாரம்: சிக்னலும் கை சைகையும். சிவப்பு எரிந்தால் கோட்டுக்கு முன்பே நிற்க வேண்டும். சிவப்பு விட்டு விட்டு எரிந்தால் நின்று, பார்த்துவிட்டுப் போக வேண்டும். மஞ்சள் விட்டு விட்டு எரிந்தால் வேகம் குறைத்துக் கவனமாகப் போக வேண்டும். வலதுபுறம் திரும்ப வலது கையை நேராக நீட்டி, உள்ளங்கை முன்பக்கம் பார்க்கும்படி வைக்க வேண்டும். வேகம் குறைப்பதற்கு உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்துக் கையை மேலும் கீழும் அசைக்க வேண்டும். நிறுத்துவதற்கு முழங்கையை மடக்கிக் கையை மேலே நிமிர்த்த வேண்டும். எல்லோரும் எழுந்து நின்று செய்து பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் மறக்காது.

நான்காம் வாரம்: கடமைகள். வண்டி ஓட்டும்போது நான்கு சான்றுகள் வேண்டும்: ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று. ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர் இருவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். விபத்து நடந்தால் ஓடக் கூடாது. அடிபட்டவரை அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்ல வேண்டும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

1. ஹாரன் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு. என்ன அர்த்தம்?
விடை: ஹாரன் அடிக்கக் கூடாது.

2. ஆளில்லாத ரயில் பாதையைக் கடக்கும்முன் என்ன செய்ய வேண்டும்?
விடை: வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய் இருபக்கமும் பார்த்து, ரயில் வரவில்லை என்று தெரிந்த பிறகே கடக்க வேண்டும்.

3. டூவீலரில் ஓட்டுபவரைத் தவிர எத்தனை பேர் உட்காரலாம்?
விடை: ஒருவர் மட்டும்.

4. ஒருவழிப் பாதையில் வண்டியைப் பின்னோக்கி எடுக்கலாமா?
விடை: கூடாது.

5. சிக்னல் பச்சையாக இருக்கிறது, போலீஸ்காரர் நிற்கச் சொல்கிறார். எதைக் கேட்க வேண்டும்?
விடை: போலீஸ்காரர் சொல்வதை.

தேறிய பிறகு

பழகுநர் உரிமம் 6 மாதம் செல்லும். 30 நாள் முடிந்த பிறகு, 6 மாதத்துக்குள் வண்டி ஓட்டிக் காட்டி நிரந்தர உரிமம் வாங்கிவிட வேண்டும். அதுவரை வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். ஓட்டக் கற்றுத் தருபவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது, பிள்ளைகளையும்தான்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கேலி பேசியவர்கள் பேசினார்கள். பெண்கள் கூட்டமாகக் கற்றதால் பயம் போனது. அவர்கள் வழியில் வந்த நமக்கு இந்தப் பத்துக் கேள்வி ஒரு பெரிய விஷயமா?

குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

நம் குழுவில் வண்டி ஓட்டுபவர்கள் எத்தனை பேர்? அவர்களில் உரிமம் உள்ளவர்கள் எத்தனை பேர்? உரிமக் கட்டணத்துக்கு உள்கடன் கொடுக்கலாமா? பாடம் வாசித்துக் காட்டப் படித்த பிள்ளைகள் யார் வருவார்கள்? பேசி முடித்து, தேர்வுக்குப் போகிறவர்களின் பெயரையும் தேதியையும் தீர்மான நோட்டில் எழுதுங்கள். ஊக்குநரும் பிரதிநிதிகளும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தால் மற்றவர்களும் தயங்காமல் வருவார்கள்.