ஐம்பது ஷில்லிங்கில் எரியும் விளக்கு: கென்யாவின் ஸ்டார்ட்-அப் நிறுவனங்கள் வளர்ந்த விதம்

புதிதாக ஒரு டெக்னாலஜி நிறுவனம் தொடங்க என்னென்ன வேண்டும்? வேகமான இன்டர்நெட், ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் வாடிக்கையாளர், அவர் கையில் ஒரு கிரெடிட் கார்டு. நம்மில் பலர் இப்படித்தான் பட்டியல் போடுவோம். கிழக்கு ஆப்பிரிக்க நாடான கென்யாவில் 2007-ல் பெரும்பாலான மக்களிடம் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அதன் தலைநகர் நைரோபி அடுத்த சில ஆண்டுகளில் 'சிலிகான் சவானா' என்று பெயர் வாங்கிவிட்டது. இது எப்படி நடந்தது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

முதலில் வந்தது எம்-பெசா

சுவாஹிலி மொழியில் 'பெசா' என்றால் பணம். சஃபாரிகாம் என்ற செல்போன் நிறுவனம் 2007 மார்ச்சில் எம்-பெசா சேவையைத் தொடங்கியது. இதற்கு இன்டர்நெட் வேண்டாம், பேங்க் அக்கவுண்டும் வேண்டாம். சாதாரண பட்டன் போன் போதும். போனில் உள்ள சிம் கார்டிலேயே ஒரு சிறிய மெனு இருக்கும். அதில் யாருக்கு, எவ்வளவு என்று தட்டி, ரகசிய எண்ணைக் கொடுத்தால், அந்தத் தகவல் என்கிரிப்ட் செய்யப்பட்டு எஸ்எம்எஸ் ஆக சர்வருக்குப் போகும்.

சரி, ரொக்கப் பணம் எப்படி உள்ளே வருகிறது? தெருமுனைக் கடைக்காரர்தான் ஏஜென்ட். அவரிடம் ரொக்கம் கொடுத்தால் உங்கள் கணக்கில் அதே அளவு ஏறும். மக்கள் இப்படிப் போட்ட பணத்துக்கு ஈடான தொகை பேங்கில் தனி டிரஸ்ட் கணக்கில் இருக்கும். முதல் ஆண்டிலேயே 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் சேர்ந்தார்கள். 2016-ல் வெளியான டவ்நீத் சூரி, வில்லியம் ஜாக் ஆகியோரின் ஆய்வு, எம்-பெசாவால் சுமார் 1,94,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து வெளியே வந்ததாக மதிப்பிட்டது.

இளைஞர்கள் கூடிய இடம்

2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு கென்யாவில் கலவரம் வெடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எங்கே என்ன நடக்கிறது என்று தெரியாத நிலையில், 2008 ஜனவரியில் சில புரோகிராமர்கள் சேர்ந்து 'உஷாஹிதி' என்ற வெப்சைட்டைச் சில நாட்களிலேயே எழுதி முடித்தார்கள். 'சாட்சியம்' என்பது இதன் பொருள். மக்கள் எஸ்எம்எஸ், இமெயில் மூலம் அனுப்பிய தகவல்கள் அதில் மேப் மீது புள்ளிகளாகத் தெரிந்தன. இந்த ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் 2010-ல் ஹைதி பூகம்பத்தின்போதும் பயன்பட்டது.

2009-ல் கடலடி ஃபைபர் கேபிள்கள் மொம்பாசா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தன. அதுவரை விலை அதிகமான சாட்டிலைட் இணைப்பையே நம்பியிருந்த நாடு அது. 2010-ல் நைரோபியில் 'ஐஹப்' திறக்கப்பட்டது. புரோகிராமர்கள் வந்து உட்கார்ந்து வேலை செய்ய, ஒருவரை ஒருவர் சந்திக்க, முதலீட்டாளரிடம் பேச ஓர் இடம் கிடைத்தது.

விளக்கு எரிவது எப்படி?

இந்த வளர்ச்சியைப் புரிந்துகொள்ள எம்-கோபா என்ற நிறுவனம் நல்ல உதாரணம். 'கோபா' என்றால் கடன் வாங்குதல். மின்சாரம் இல்லாத வீடுகளுக்கு சோலார் பேனல், எல்இடி விளக்குகள், செல்போன் சார்ஜர், ரேடியோ அடங்கிய ஒரு செட்டை 2012 முதல் விற்றது. மொத்த விலையை ஒரே தடவையில் கொடுக்க ஏழைக் குடும்பத்தால் முடியாது. எனவே ஆரம்பத் திட்டங்களில் ஒரு முன்பணம், பிறகு தினமும் 40 முதல் 50 ஷில்லிங் வரை. ஏறக்குறைய ஓராண்டு கட்டினால் செட் சொந்தமாகிவிடும். அது வேலை செய்யும் முறை இதுதான்:

1. வாடிக்கையாளர் எம்-பெசா மூலம் 50 ஷில்லிங் அனுப்புகிறார்.
2. பணம் வந்த செய்தி எம்-கோபா சர்வருக்குப் போகிறது.
3. சோலார் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு உள்ளது. சர்வர் அதற்கு செல்போன் நெட்வொர்க் வழியே கட்டளை அனுப்புகிறது.
4. பெட்டி ஒரு நாளுக்குத் திறக்கிறது, விளக்கு எரிகிறது. கட்டாவிட்டால் அணைந்துவிடும்.

மண்ணெண்ணெய்க்குப் போன காசு இப்போது தவணைக்குப் போகிறது. ஐம்பது ஷில்லிங்கை வசூலிக்க ஆள் அனுப்பினால் அவருடைய பஸ் செலவுக்கே அது போதாது. வசூல் செலவு ஏறக்குறைய இல்லாமல் போனதால்தான் இந்தத் தொழிலே சாத்தியமானது.

மற்றவர்களுக்கும் வழி

சிம் கார்டில் மெனு வைக்கும் உரிமை செல்போன் நிறுவனத்திடம் இருக்கிறது. சிறிய நிறுவனங்கள் என்ன செய்யும்? அவை யுஎஸ்எஸ்டி முறையைப் பயன்படுத்துகின்றன. * என்று தொடங்கி # என்று முடியும் எண்ணை டயல் செய்தால் திரையில் மெனு வருமே, அதுதான். ஒரு திரையில் 182 எழுத்துகள் வரை காட்டலாம். டேட்டா தேவையில்லை. நைரோபியின் ஆப்பிரிக்காஸ் டாக்கிங் நிறுவனம் இந்த வசதியை ஏபிஐ ஆக மற்ற புரோகிராமர்களுக்குத் தருகிறது. 2017-ல் சஃபாரிகாமும் எம்-பெசாவை இணைப்பதற்கு 'தராஜா' என்ற ஏபிஐ-யை வெளியிட்டது. தராஜா என்றால் பாலம்.

மறுபக்கம்

சிறு தொகையை எளிதாக வசூலிக்க முடிந்தால், சிறு கடனையும் எளிதாகக் கொடுக்கலாம். 2012-க்குப் பிறகு செல்போன் கடன்கள் பெருகின. போனில் உள்ள எஸ்எம்எஸ்களைப் படித்து, சில நிமிடங்களில் கடன் தரும் ஆப்கள் வந்தன. வட்டி அதிகம். தவணை தவறியவரின் உறவினர், நண்பர்களுக்குப் போன் செய்து அவமானப்படுத்திய நிறுவனங்களும் உண்டு. 2021-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2022-ல் விதிமுறைகள் வந்த பிறகு, இவர்கள் மத்திய வங்கியின் லைசென்ஸ் பெற வேண்டும், கடன் வாங்கியவரின் போனில் உள்ள மற்றவர்களைத் தொல்லை செய்யக் கூடாது என்று ஆனது.

எல்லா ஸ்டார்ட்-அப்பும் பிழைத்துவிடவில்லை. லாரி, டெலிவரி சேவை நடத்திய செண்டி 2023-ல் மூடப்பட்டது. கிராமங்களுக்குப் பொருள் கொண்டுசேர்த்த கோபியா, 2024 மே மாதம் நிர்வாகியின் கைக்குப் போனது. பணம் செல்போனில் நொடியில் போய்விடும். அரிசி மூட்டை மண் ரோட்டில்தான் போக வேண்டும். அந்தச் செலவை எந்த ஏபிஐ-யும் குறைக்காது.

நாம் கற்க வேண்டியது

கென்யாவில் வெற்றி பெற்றவர்கள் தங்களிடம் என்ன டெக்னாலஜி இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கவில்லை. வாடிக்கையாளர் கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். பட்டன் போனும், தினக்கூலியில் மிஞ்சும் ஐம்பது ஷில்லிங்கும்தான் இருந்தன. அவற்றுக்குப் பொருந்தும்படி சாஃப்ட்வேர் எழுதினார்கள்.

கல்லூரியில் ப்ராஜெக்ட் செய்யும் வாசகர்கள் கீபோர்டைத் தொடும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள். இதைப் பயன்படுத்தப் போகிறவரிடம் எந்த போன் இருக்கிறது? அவருக்குப் பணம் தினமும் வருகிறதா, மாதம் ஒருமுறையா? ஒருநாள் கட்ட முடியாமல் போனால் அவருக்கு என்ன ஆகும்? மூன்றாவது கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. அந்த வீட்டில் விளக்கு எரியுமா, கடன் ஏறுமா என்பதை முடிவு செய்வது அந்தக் கேள்விதான்.