வள்ளத்தை வண்டியிலேற்றும் முறை

தாமிரபருணி கடலோடு கலக்கும் புன்னைக்காயல் முதலிய கரையூர்களில், சிறு வள்ளமொன்றைப் பழுதுபார்க்க வண்டியிலேற்றுதல் பிரயாசையான வேலையாம். பலர் கூடித் தூக்குங்கால் ஒருவர் கை நழுவினும் அடிப்பலகை பிளக்கும். மீன்பாடுள்ள நாட்கள் வீணாய்ப்போம்.

தூக்குவதினும் உருட்டுவதே உத்தமம். மாடுகளை அவிழ்த்து ஏர்க்காலை உயர்த்தினால் வண்டியின் பின்புறம் தாழும். சக்கரங்களுக்கு இருபுறமும் கல் இடுக. தட்டினின்று மணல்வரை இரு பனஞ்சட்டங்களைச் சார்த்தி, உருளைக்கட்டைகளை இட்டு வடத்தால் இழுக்க. சட்டத்தின் அடிமுனை மணலிற் புதையாதபடி பலகை வேண்டும்.

தட்டின் உயரம் 1½ அடியாயின் சட்டம் 9 அடியிருத்தல் நலம். அப்போது 300 கிலோ வள்ளத்துக்கு 50 கிலோ இழுப்பும், உராய்வுக்குச் சிறிது கூடுதலுமே தேவை. இவ்வளவுக்குப் பத்துப்பேர் எதற்கு? சட்டமும் உருளையும் வடமும் சங்கத்தின் பொதுச்சொத்தாயிருப்பின் தனித்தனியே வாங்கும் செலவுமில்லை.

வடத்தை ஆழ ஊன்றிய முளையில் இருசுற்றுச் சுற்றிப் பிடிக்க. இழுப்பவர் தளர்ந்தாலும் வள்ளம் பின்னோக்கி வழுவாது. எனினும் அதன் பின்னே எவரும் நிற்கலாகாது.

டிராக்டரின் இருசக்கரப் பின்வண்டிக்கும் இம்முறை பொருந்தும். இரண்டிலும் ஓர் அபாயம் உண்டு: வள்ளத்தின் பாரம் அச்சைக் கடந்ததும் முன்புறம் திடீரெனத் தாழும். ஆதலின் இருவர் பக்கத்தே நின்று, முன்னரே கட்டிய கயிற்றால் அதனை மெல்ல இறக்குக.