திருகோணமலைக்குத் திரும்புமுன்

கந்தப்பளைத் தோட்டங்களில் உறவினருடன் தங்கியிருந்து திருகோணமலைக்குத் திரும்பும் குடும்பங்களில், அந்த ஊரைக் காணாத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

மலைநாட்டில் ஊற்றெடுக்கும் மகாவலி, கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. குடாவின் வடபுறத்தில் திருகோணமலையின் ஆழமான இயற்கைத் துறைமுகம் உள்ளது. அதற்காகவே போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று பலரும் வந்தார்கள். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களால் கோட்டை கட்டினார்கள். 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. இன்று தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் அங்கே வாழ்கிறார்கள்.

மழைக்காலம் இங்கேபோல் அல்ல. ஆனி, ஆடியில் இங்கே மழை கொட்டும்போது அங்கே கச்சான் காற்று வீசும், கிணற்றில் நீர் இறங்கும். ஐப்பசி முதல் தை வரையே பெருமழை. கூரை வேலையைப் புரட்டாதிக்குள் முடியுங்கள். நெடுநாள் பாவிக்காத கிணற்றை இறைத்து, குளோரின் இட்ட பிறகே குடியுங்கள்.

தோட்டத்தில் பல காரியங்கள் தோட்டக் கந்தோர் வழியாக நடந்திருக்கும். அங்கே நீங்களே கிராம அலுவலரிடம் போய்ப் பதிய வேண்டும். காணி உறுதி தொலைந்திருந்தால் பயப்பட வேண்டாம்: பதிவு செய்த உறுதிக்குக் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். அரச அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.