ஓடும் சர்வரில் கார்டைக் கழற்றலாமா?

கேள்வி: ஹைதராபாத் ஹைடெக் சிட்டியில் ஒரு டேட்டா சென்டரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். சர்வரை நிறுத்தாமலே நெட்வொர்க் கார்டை மாற்றலாம் என்கிறார்கள். பயமாக இருக்கிறது. எப்படிச் செய்வது?
– வாசகர், மாதாப்பூர்

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான். 'ஹாட் பிளக்' வசதி உள்ள ஸ்லாட்டில் மட்டுமே இதைச் செய்யலாம். சாதாரண ஸ்லாட்டில் மின்சாரம் இருக்கும்போது இழுத்தால் கார்டும் மதர்போர்டும் சேர்ந்தே கெட்டுப்போகலாம். சர்வரின் கையேட்டைப் பார்த்து முதலில் இதை உறுதிசெய்யுங்கள்.

அந்தக் கார்டின் நெட்வொர்க் வேலையை வேறு கார்டுக்கு மாற்றிவிட்டு, ஆபரேட்டிங் சிஸ்டம் மூலம் அதை விடுவியுங்கள். இந்தப் படியைத் தாண்டினால் சிஸ்டமே முடங்கக்கூடும். சில சர்வர்களில் இதற்கென்றே ஸ்லாட் அருகே ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் பச்சை விளக்கு சிமிட்டும். மனம் மாறினால் 5 விநாடிக்குள் மீண்டும் அழுத்தி ரத்து செய்யலாம். விளக்கு முழுவதும் அணைந்தால்தான் ஸ்லாட்டில் மின்சாரம் நின்றதாகப் பொருள்.

மணிக்கட்டில் ஆன்டி-ஸ்டேட்டிக் பட்டை அணிந்து, கேபிளைக் கழற்றி, கார்டின் ஓரங்களைப் பிடித்து நேராக இழுங்கள். புதிய கார்டு உடனே வராவிட்டால் காலி இடத்தை மூடித்தகட்டால் அடையுங்கள். இல்லாவிட்டால் உள்ளே காற்றோட்டம் கெடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கை வைக்குமுன் ஸ்லாட் எண்ணை இன்னொருவரோடு சேர்ந்து சரிபாருங்கள்.