பழமாகவே வாங்குகிறார்கள்

பிரான்சு நாட்டின் அல்சாஸ் பகுதியில் ரிக்விர் என்ற சிற்றூர் உள்ளது. அங்கே ஹ்யூகல் குடும்பத்தார் 1639 முதல் வேரூன்றி, வெள்ளை ஒயின் தயாரித்து விற்று வருகிறார்கள். மதுவுக்கு விளம்பரம் செய்வது நம் நோக்கமல்ல. அவர்களுடைய கொள்முதல் முறையை வணிகர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிலவறைக்குப் போகிறவர்கள் வியந்து பார்ப்பது 1715-ல் செய்த ஓக் மரப் பீப்பாயை. நமக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறு. சொந்தத் தோட்டம் சுமார் 30 ஹெக்டேர்தான். அந்த விளைச்சல் அவர்கள் விற்பனைக்குப் போதாது. எனவே பிற விவசாயிகளிடம் நீண்டகால ஒப்பந்தம் செய்து வாங்குகிறார்கள். தயாரான ஒயினாக அல்ல, கையால் பறித்த திராட்சையாகவே வாங்குகிறார்கள். பழத்தில் அழுகல் இருந்தால் கண்ணுக்குத் தெரியும். சாறாகிப் பீப்பாயில் இறங்கிவிட்டால் யார் கண்டுபிடிப்பது? மிளகாயை வற்றலாக வாங்கி அரைப்பவருக்கும், தூளாகவே மூட்டை எடுப்பவருக்கும் உள்ள வித்தியாசம் நம் கடைக்காரர்களுக்குத் தெரியாததா!

தாமதமாகப் பறித்த பழத்தில் செய்யும் உயர்ரக ஒயினுக்கு 1984-ல் கடும் விதிகள் வந்தன. சர்க்கரை சேர்க்கக் கூடாது. பறிக்குமுன் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும். இவ்விதிகள் வர முன்னின்று உழைத்தவர் இக்குடும்பத்தின் ழான் ஹ்யூகல். கண்டவரும் அந்தப் பெயரை ஒட்டி விற்றால் அசல் சரக்குக்கு விலை ஏது? பழம் சரியாக அமையாத ஆண்டில் இவர்களே அந்த ரகத்தைப் போடுவதில்லை.